பூஜ்யம் காட்டிய நிக்காஹ் வீடியோ

பாளையங்கோட்டையில் நான் வீடியோ எடிட்டிங் செய்யும் ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டவன் நான்தான். பத்தாம் வகுப்புப் பரீட்சையை மூன்று முறை எழுதியவன் போட்ட லினக்ஸ் என்று முதலாளி அண்ணாச்சியிடம் அடிக்கடி பீற்றிக்கொள்வேன்.

ஆயுத பூஜை அன்று காயல்பட்டினத்து நிக்காஹ் வீடியோவை கேமரா கார்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஏற்றினேன். பெண்ணின் வாப்பாவுக்கு துபாயில் லீவு கிடைக்கவில்லை. அவருக்குப் பதிலாகப் பெண்ணின் அண்ணன், மாப்பிள்ளையின் கையைப் பிடித்து நிக்காஹ் செய்து கொடுத்தான். அதைப் பார்க்கத்தான் அங்கே அவர் காத்திருந்தார்.

திரையில் காப்பி முடிந்தது என்று வந்ததும் கார்டை அழித்து, குலசேகரன்பட்டினம் தசராவுக்குக் கிளம்பி நின்ற கேமராமேனிடம் நீட்டினேன். அதற்குள் அண்ணாச்சி சந்தனக் கிண்ணத்தோடு வந்து மெயின் சுவிட்சை இறக்கிவிட்டார். இன்று மெஷினுக்கு ஓய்வாம்.

“பொட்டு எங்க வேணா வைங்க அண்ணாச்சி, ஃபேன் ஓட்டையில மட்டும் வேண்டாம்” என்றேன்.

மறுநாள் ஆன் செய்தால் கறுப்புத் திரை. டிஸ்க் கெட்டிருக்கிறது, சரிசெய்யவா என்று வரிசையாகக் கேட்டது. எதையும் படிக்காமல் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று ‘ஒய்’ தட்டினேன். ஃபைல்கள் பெயரோடு நின்றன, அளவு பூஜ்யம். நாலைந்து வெப்சைட்டைத் துழாவிய பிறகுதான் விளங்கியது. முடிந்தது என்று காட்டினாலும் லினக்ஸ் மெமரியில் வைத்துக்கொண்டு, டிஸ்க்கில் மெதுவாகத்தான் எழுதுமாம்; நடுவில் கரண்ட் போனால் அவ்வளவுதான். அண்ணாச்சி மேல் பாய்ந்தேன்.

“சுவிட்ச இறக்குனது நான்தாம்லே. கார்ட அழிச்சது யாரு?” என்றார்.

அழித்த கார்டிலும் புதிதாக எதுவும் பதியாதவரை பழையது கிடக்கும். கேமராமேனுக்கு ஃபோன் போட்டேன்.

“காளி வேசம் பூரா எடுத்தாச்சுலே” என்றான்.

அடுத்த நாள் காலை கார்டு வந்ததும், அழிந்ததை மீட்கும் சாஃப்ட்வேர் போட்டுப் பகல் முழுக்க அதைத் தோண்டினேன். முதலில் காளி ஆடினாள். பிறகு படம் சிதைந்து சாம்பல் கட்டங்கள். அதற்கப்புறம், சஹன் என்கிற பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து ஆட்கள் பிரியாணி சாப்பிட்டார்கள். கை பிடித்த இடம் எங்குமே இல்லை.

சாயங்காலம் பெண்ணின் அண்ணன் வந்தான். வழக்கம்போல ஏதாவது கதை விடலாம் என்று வாயெடுத்தேன், வரவில்லை. நடந்ததைச் சொன்னேன். அவன் கத்தவில்லை. ஃபோனை எடுத்து எதையோ அழுத்தி என் கையில் வைத்தான்.

“வாப்பாட்ட நீரே சொல்லும்வே.”

துபாயில் மணி அடித்துக்கொண்டிருந்தது.