நீட்டியே இருந்த கை

ரயில் பாதையோரத்துப் பழைய கைகாட்டி சிக்னலைக் கழற்ற ஆட்கள் வர இன்னும் நான்கு நாள் இருந்தது. அதுவரை நிற்கட்டும் என்று மேலே ஏறி, நீட்டியிருந்த அதன் கையின்மேல் இரண்டு மரச்சட்டங்களைப் பெருக்கல் குறியாக அடித்தவன் நான்தான். அதை இழுக்கும் கம்பியையும் அறுத்துவிட்டேன். இனி அந்தக் கை இறங்காது. பக்கத்தில் நட்டிருக்கும் புது விளக்குதான் சிக்னல். பெருக்கல் குறி இருந்தால் 'இது செல்லாது' என்று ரயில் ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். அவர்கள் எல்லாரிடமும் எழுத்தில் சொல்லிக் கையெழுத்தும் வாங்கியாயிற்று. சொல்ல வேண்டியவர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டோம் என்று நினைத்தேன், பெரிய புத்திசாலி.

பூதலூரைத் தாண்டி நான் வேலை பார்த்த இடத்தில் தண்டவாளத்துக்கு இரு பக்கமும் வயல். நாற்றங்கால் இந்தப் பக்கம், நடவு அந்தப் பக்கம். கேட் வெகுதூரம் என்பதால் நாற்றுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு குறுக்கேதான் போவார்கள். அவர்களுக்குக் கைகாட்டிதான் காவல். கை நீட்டியிருந்தால் வண்டி இல்லை, போகலாம். இறங்கியிருந்தால் வண்டி வருகிறது, நிற்க வேண்டும். முன்னாலிருந்து பார்த்தாலும் பின்னாலிருந்து பார்த்தாலும் கை தெரியும். புது விளக்கு ஓட்டுநரைப் பார்த்து மட்டுமே எரியும். நாற்றங்கால் பக்கமிருந்து பார்த்தால் அதன் கறுப்பு முதுகுதான்.

விளக்கு எரியத் தொடங்கிய மறுநாள் காலை, கம்பத்தடியில் பெட்டியைத் திறந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். புது விளக்கில் பச்சை விழுந்தது, வண்டி வருகிறது. நிமிர்ந்தேன். கொஞ்ச தூரத்தில், பல வருடமாக அந்த வழியே நடவுக்குப் போகும் அக்கா, தலையில் நாற்றுக்கட்டோடு மேட்டுக்குக் கீழே நின்றார். அவருக்குக் காது மந்தம். அண்ணாந்து பழைய கைகாட்டியைப் பார்த்தார். கை நீட்டியிருந்தது. மேடேறத் தொடங்கினார்.



"அக்கா, நில்லுங்க! வண்டி வருது!"

கேட்காது என்று தெரிந்தும் கத்தினேன். ஜல்லியில் கால் புரளப் புரள ஓடினேன். பழைய டீசல் இன்ஜினாக இருந்தால் நிலமே அதிரும், காலாவது சொல்லியிருக்கும். இது மின்சார இன்ஜின். வளைவில் அதன் முகம் தெரிந்துவிட்டது. ஹாரன் விடாமல் அலறியது. தலையில் கட்டு இருந்ததால் அக்காவால் பக்கவாட்டில் திரும்ப முடியவில்லை. தண்டவாளத்தின் நடுவில் நின்று, சரிந்த கட்டை நிதானமாகச் சரிசெய்தார்.

பின்னாலிருந்து பிடித்துத் தள்ளினேன். இருவரும் அந்தப்பக்கச் சரிவில் உருண்டோம். தலைக்கு மேலே பெட்டிகள் போய்க்கொண்டே இருந்தன.

ஓட்டுநர் தகவல் கொடுத்துவிட்டதால் மதியமே ரயில்வே போலீஸ் இன்ஸ்பெக்டர் வந்தார். அக்காவின் காதருகே குனிந்து, "ஏம்மா, கண்ணு தெரியாதா?" என்று கத்தினார்.

அக்கா கைகூப்பினார். "என் தப்புதாங்க. கை நீட்டியிருக்குன்னு பாத்துட்டுதாங்க ஏறுனேன். காதுதான் போச்சுன்னா இப்ப கண்ணும் போச்சு போலருக்கு. கை எறங்குனது எனக்குத் தெரியவே இல்லீங்க."

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். கை இறங்கவில்லை, இறங்க முடியாமல் செய்தவன் நான் என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். வேலைக்கு ஆபத்து வருமோ என்ற பயத்தில் வாயே திறக்கவில்லை. அத்துமீறித் தண்டவாளத்தில் நுழைந்ததாக எழுதி, அக்காவிடம் கைநாட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அன்று சாயங்காலமே, யாரையும் கேட்காமல் ஏறி அந்தக் கையைக் கழற்றிக் கீழே போட்டேன். தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான்.

அந்த வாரம் அக்கா தஞ்சாவூருக்குப் போய்க் கண் டாக்டரைப் பார்த்தாராம். கண் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொல்லியும் நம்பவில்லையாம். இப்போதும் நடவுக்கு வருகிறார். தண்டவாளம் வந்ததும் கூட வரும் பெண்ணின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு தாண்டுகிறார். பார்க்கும்போதெல்லாம் வெட்கமாக இருக்கிறது. இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.