அண்ணிக்கு நாடு இல்லாத மாதங்கள்

அண்ணி தன் பாஸ்போர்ட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த மத்தியானம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்த ஐப்பசியில் ஏரி நிரம்பி வழிந்து, திருப்புலிவனத்துக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊருக்குள் தண்ணீர் வந்துவிட்டது. ஆளுக்கொரு பொருளைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடினோம். அண்ணன் நெல் மூட்டையோடு போராடிக்கொண்டிருந்தார். அண்ணி இடுப்பில் குழந்தையையும், புடவைக் கொசுவத்துக்குள் அந்தப் பாஸ்போர்ட் புத்தகத்தையும் வைத்துக்கொண்டு நடந்தார். அப்படியும் ஓரம் நனைந்துவிட்டது. தண்ணீர் வடிந்து கரண்ட் வந்ததும் அவர் செய்த முதல் காரியம், பழைய வேட்டித் துணியை மேலே போட்டு, சூட்டைக் குறைத்து வைத்து, பக்கம் பக்கமாக அதைத் தேய்த்ததுதான். விசா முத்திரை இருந்த பக்கத்தில் மை லேசாகக் கசிந்திருந்தது. அந்தப் பக்கத்தை அண்ணி மறுபடி மறுபடி தேய்த்தார்.

"அது கெடக்குது வுடு. நெல்லு மூட்ட ஊறிப்போயி கீது, அத வந்து பாரு" என்றார் அண்ணன்.

"நெல்லு அடுத்த போகத்துக்கு வந்துரும். இது போனா நான் இங்க இருக்க முடியாதுலா" என்றார் அண்ணி. பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த எனக்கு அந்தப் பேச்சு விளங்கவில்லை. கல்யாணம் ஆகி, பிள்ளை பெற்று, எங்கள் வீட்டுச் சமையல் முழுவதும் கையில் வைத்திருக்கிறவர் எப்படி இங்கே இருக்க முடியாமல் போவார்?

அண்ணி மலேசியாவில், ஈப்போவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அண்ணன் அங்கே ஓர் உணவகத்தில் வேலை பார்த்த காலத்தில் இருவருக்கும் பழக்கம். அண்ணன் ஊர் திரும்பியபோது அண்ணியும் பின்னாலேயே விமானம் ஏறி வந்துவிட்டார். திருப்புலிவனம் கோயிலில் தாலி கட்டினார்கள். பெண் வீட்டுப் பக்கம் அவருடைய தம்பி மட்டும்தான் வந்திருந்தார். அம்மா வரவில்லை. சம்மதம் இல்லையோ என்று எங்கள் சொந்தக்காரர்கள் குசுகுசுத்தார்கள். காரணம் வேறு என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. அண்ணியின் அம்மா அந்தத் தோட்டத்திலேயே பிறந்தவர்தான். ஆனால் பிறப்பை யாரும் பதிந்து வைக்கவில்லை. அதனால் அவருக்குக் கிடைத்தது சிவப்பு ஐசி, அதாவது அங்கே குடியிருக்கலாம், குடிமகள் இல்லை என்கிற அடையாள அட்டை. குடிமக்களுக்குக் கொடுப்பது நீல நிறத்தில் இருக்குமாம். சிவப்பு அட்டைக்காரர்களுக்கு எந்த நாடும் பாஸ்போர்ட் தராது. மகளின் கல்யாணத்தை அவர் புகைப்படத்தில்தான் பார்த்தார். தலை நரைத்து, தோட்டத்து வேலையெல்லாம் முடிந்த பிறகுதான் நீல அட்டை அவர் கைக்கு வந்தது. மகளுக்கோ பிறப்பை முறையாகப் பதிந்திருந்ததால் பிறந்தபோதே நீலம்.

எங்கள் தெருவில் அண்ணிக்கு 'மலேசியாக்காரம்மா' என்றுதான் பெயர். காலையில் வாசலில் போகிறவர்களை அவர் "பசியாறிட்டீங்களா?" என்று கேட்பார். நாங்கள் "நாஷ்டா ஆச்சா" என்று கேட்டுப் பழகியவர்கள். கொஞ்ச நாள் சிரித்தோம், பிறகு எங்கள் வீட்டில் எல்லோருமே அப்படிக் கேட்க ஆரம்பித்துவிட்டோம். இரண்டு கறவை மாடுகளை வைத்துப் பால் ஊற்றினார். நாற்று நடுகிற பெண்களோடு சேற்றில் இறங்கினார். மகள் வளர்ந்தாள். ஆனாலும் விசா முடிகிற மாதம் வந்தால் அவர் சோறு சரியாகச் சாப்பிட மாட்டார். அண்ணன் கையெழுத்துப் போட்ட தாள்களோடு இருவரும் விடியலில் பஸ் ஏறுவார்கள். நீட்டித்துக் கொடுத்த பிறகுதான் அண்ணியின் முகத்தில் ரத்தம் ஓடும். அந்த நிம்மதி அடுத்த முறை வரைக்கும்தான்.

ஒருநாள் அண்ணன் வாலாஜாபாத்துக்கு லோடு ஏற்றிக்கொண்டு போகும்போது மார்பைப் பிடித்துக்கொண்டு வண்டியை ஓரம் கட்டிவிட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிழைத்துக்கொண்டார். வெளியே தாழ்வாரத்தில் நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தபோது அண்ணி சட்டென்று கேட்டார்.

"அவருக்கு ஏதாச்சும் ஆயிருந்தா, என் விசாவுக்கு யாரு கையெழுத்து போடுவாங்க பாப்பா?"

உள்ளே அண்ணன் ஆக்ஸிஜன் குழாயோடு கிடக்கும்போது இது என்ன பேச்சு என்று எனக்குச் சுருக்கென்றது. அண்ணி என் முகத்தைப் பார்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அந்தக் கேள்வியை அவர் அன்றைக்கு முதல் முறையாகக் கேட்கவில்லை என்பது எனக்கு அப்போது புரிந்தது. கல்யாணமான நாளிலிருந்து தனக்குத்தானே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

அண்ணன் வீடு திரும்பியதும், இந்தியக் குடியுரிமை வாங்கிவிடுவது என்று முடிவாயிற்று. நான் அதற்குள் உத்திரமேரூரில் ஒரு இ-சேவை மையத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். சாதிச் சான்று, வருமானச் சான்று, வாரிசுச் சான்று என்று பகலெல்லாம் ஊராருக்குப் பதிந்து கொடுப்பதுதான் என் பிழைப்பு. அண்ணியின் விண்ணப்பத்தையும் நானே பதிந்தேன். காஞ்சிபுரத்தில் கலெக்டர் ஆபீஸுக்குப் பலமுறை கூடவே போனேன். விசாரிக்க வந்த போலீஸ்காரர் தெருவில் நான்கு பேரைக் கேட்டார். எதிர் வீட்டுக்காரர் கொஞ்சம் கோபமாகவே பதில் சொன்னார்: "இன்னா சார் வெளிநாடு? இது எங்க வூட்டுப் பொண்ணு. எங்க மாட்டுக்கே இதுதான் பிரசவம் பாத்துது."

வெகுநாள் கழித்துப் பதில் வந்தது. குடியுரிமை தருகிறோம், முதலில் உங்கள் நாட்டின் குடியுரிமையை விட்டுவிட்டதற்கு அத்தாட்சி கொண்டுவாருங்கள் என்பது அதன் சாரம். அதை வீட்டில் படித்துக் காட்டியபோது அண்ணி மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார். கலக்குவதை நிறுத்தவில்லை.

"அத வுட்டுட்டு இது வர்ற வரைக்கும் நான் எந்த நாடு பாப்பா?"

"கொஞ்ச நாளுதான் அண்ணி" என்றேன். கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று எனக்குத் தெரியாது.

பல வாரம் தள்ளிப்போட்ட பிறகு அண்ணி கிளம்பினார். சென்னையில் அவர்கள் நாட்டுத் தூதரக அலுவலகத்தில் நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். உள்ளே போனவர் சீக்கிரமே வந்துவிட்டார். பாஸ்போர்ட்டையும் ஐசியையும் வாங்கிக்கொண்டார்கள். "நல்லா யோசிச்சீங்களாம்மா" என்று அந்தப் பெண் அதிகாரி இரண்டு முறை கேட்டாராம். திரும்பி வரும் பஸ்ஸில் அண்ணி கைப்பையைத் திறந்து பார்த்தார், மூடினார், படப்பை தாண்டியதும் மறுபடி திறந்தார். அம்மாவிடம் அவர் எதுவும் சொல்லியிருக்கவில்லை. இந்தியக் குடியுரிமை கைக்கு வந்த பிறகு நேரில் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தார்.

விலகியதை உறுதி செய்யும் தாள் மலேசியாவிலிருந்து வந்தது. அதை இங்கே கொடுத்தோம். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. அந்த மாதங்களில்தான் அண்ணி ஆளே மாறிப்போனார். பஸ் ஏறி எங்கும் போவதில்லை. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குக் காவாந்தண்டலம் வரைக்கும்கூட வரவில்லை. டீக்கடை முன்னால் போலீஸ் பைக் நின்றால், பால் கேனோடு வந்த வழியே திரும்பிவிடுவார். "யாரும் உங்கள ஒண்ணும் பண்ண மாட்டாங்க, எல்லாம் எழுத்துல கீது அண்ணி" என்பேன்.

"சரி. ஆனா என்னப் புடிச்சா எங்க அனுப்புவாங்க? முன்னெல்லாம் அனுப்ப ஒரு ஊராச்சும் இருந்திச்சி."



விஷயத்தை அம்மாவிடம் போட்டு உடைத்தது அண்ணியின் தம்பி. வாய்தவறிச் சொன்னதுதான். அன்று சாயங்காலமே போன் வந்தது. அண்ணி ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் வீட்டில் எல்லோருக்கும் கேட்டது. அந்த அம்மா கத்தவில்லை. அமைதியான, களைத்த குரல்.

"அந்த நீல ஐசிக்கு நான் எத்தன ஆபீஸ் ஏறி இறங்கினேன்னு உனக்குத் தெரியும். தலை நரைச்ச பெறகு குடுத்தான். உனக்கு பொறந்தப்பவே கெடைச்சது. அதக் கொண்டுபோயி நீயே குடுத்துட்டு வந்துட்டியா?"

"அம்மா, நான் சொல்றத..."

போன் வைக்கப்பட்டுவிட்டது. அதன்பிறகு அண்ணி எத்தனை முறை கூப்பிட்டும் அவர் எடுக்கவில்லை.

அடுத்த மாதம் அந்த அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் படுத்த இடத்தில் நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. அக்கா வந்தால் நல்லது என்று தம்பி சொன்னார். அண்ணி எதைக் காட்டி விமானம் ஏறுவார்? நான் கலெக்டர் ஆபீஸுக்கு ஓடினேன். அந்தப் பிரிவில் இருந்த பெண் ஊழியர் நல்லவர். என்னை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். "ஃபைல் மேல போயிருக்குதும்மா. எங்க கையில ஒண்ணும் இல்ல. ஆஸ்பத்திரி சீட்ட வெச்சி இன்னொரு மனு குடுங்க, நானும் பேசறேன்" என்றார். கொடுத்தோம். அண்ணன் தெரிந்தவர், தெரியாதவர் என்று எல்லோருக்கும் போன் போட்டார்.

அண்ணி அழுது நான் பார்க்கவில்லை. அழுதிருந்தால் தேவலாம் என்று தோன்றும். தினமும் மாலையில் தம்பி ஆஸ்பத்திரிக்குப் போகும் நேரம் பார்த்து வீடியோவில் கூப்பிடுவார். அந்த அம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். தம்பி போனைத் தலையணை மேல் வைத்துவிடுவார். தாயின் நரைத்த பின்னந்தலையைப் பார்த்தபடி அண்ணி பேசிக்கொண்டே இருப்பார். சிவலை மாடு சினையாகியிருக்கிறது, பேத்தி கணக்கில் நல்ல மார்க் வாங்கியிருக்கிறாள், தென்னேரிப் பக்கம் நல்ல மழையாம், எங்களுக்குத் தூறலோடு போய்விட்டது. பதில் இல்லாத பேச்சை ஒரு மனுஷி அவ்வளவு நேரம் பேச முடியும் என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு நாளும் போன் மணி அடித்தால், எடுப்பதற்கு முன்பு அண்ணியின் கை ஒரு கணம் நிற்கும். 

ஒருநாள் காஞ்சிபுரத்திலிருந்து அழைப்பு வந்தது. உறுதிமொழி எடுக்க வரச் சொன்னார்கள். அதிகாரி முன்னால் நின்று வாசிக்கும்போது அண்ணி இரண்டு இடத்தில் தடுமாறினார். சான்றிதழைக் கையில் வாங்கியதும் அவர் என்னிடம் கேட்டது, "பாஸ்போர்ட்டுக்கு இன்னிக்கே போட முடியுமா?" என்றுதான். அன்றைக்கே போட்டேன். விசாரணைக்குப் பழைய போலீஸ்காரரே வந்தார். சங்கதி தெரிந்து, நின்ற நிலையிலேயே வேலையை முடித்துக்கொண்டு போனார்.

அண்ணி ஊருக்குப் போய் இறங்கியபோது அந்த அம்மா உயிரோடுதான் இருந்தார். அங்கே நடந்ததை அண்ணி திரும்பி வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். விமான நிலையத்தில் வெளிநாட்டவர் வரிசையில் நின்றிருக்கிறார். எங்கே தங்குவீர்கள், திரும்பிப் போக டிக்கெட் இருக்கிறதா என்று கேட்டார்களாம். பிறந்த ஊரின் பெயரைத் தங்குமிடமாகச் சொன்னாராம். நேராக ஆஸ்பத்திரிக்குப் போனார். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பவில்லை. மகளைப் பார்த்து, "காட்டு" என்று கையை நீட்டினாராம். அண்ணி புது பாஸ்போர்ட்டைக் கொடுத்தார். அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அட்டையைத் தடவிப் பார்த்தார், முத்திரை குத்திய பக்கத்தைத் தேடி எடுத்தார்.

"எத்தன நாளு குடுத்திருக்கான்?"

"ஒரு மாசம்மா."

சிவப்பு அட்டையோடு வாழ்ந்தவரின் கேள்வி அது. வேறு எந்தத் தாயும் மகளிடம் அதை முதலில் கேட்டிருக்க மாட்டார். பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "போதும். அதுக்குள்ள எழுந்து நடந்துருவேன்" என்றாராம். நடந்தும்விட்டார். மகள் கிளம்பும் நாளில், நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு வீட்டு வாசல் வரை வந்து நின்றார். அடுத்த வருஷம் தூக்கத்திலேயே இறந்துபோனார். அண்ணியால் காரியத்துக்கு நேரத்தோடு போய்விட முடிந்தது.

இப்போது அண்ணிக்கு விசா இல்லை, நீட்டிப்பு இல்லை, அண்ணனின் கையெழுத்தும் தேவையில்லை. உள்ளாட்சித் தேர்தலில் எங்களோடு வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார். தெருவில் யாரும் அவரை மலேசியாக்காரம்மா என்று இப்போது அதிகம் சொல்வதில்லை. ஆனாலும் பழைய விசா மாதம் வந்தால் தட்டில் சோறு அப்படியே இருக்கும். அண்ணன் பார்த்தும் பார்க்காதது போல இருந்துவிடுவார்.

சில வாரங்களுக்கு முன்னால் வாக்காளர் பட்டியல் சரிபார்க்க ஒரு டீச்சர் வீடு வீடாக வந்தார். அண்ணியின் தாள்கள் எல்லாம் வரிசையாகத் தயாராக இருந்தன. ஒரு நிமிஷத்தில் முடிந்தது. என்னிடம் பிறப்புச் சான்று கேட்டார். நான் வீட்டில் பிறந்தவள், மருத்துவச்சி பார்த்த பிரசவம். ஊருக்கெல்லாம் சான்று எடுத்துக் கொடுக்கிற எனக்கு அப்படி ஒரு தாளே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. "ஸ்கூல் சர்ட்டிபிகேட் இருந்தாலும் போதும், நாளைக்கு வர்றேன்" என்று சொல்லிவிட்டு அந்த டீச்சர் போய்விட்டார். நான் பீரோவைக் கவிழ்த்துத் தேடினேன். எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. கிடைத்துவிடும், இல்லாவிட்டால் நகல் வாங்கிக்கொள்ளலாம். இந்த வேலையிலேயே இருக்கிற எனக்கு அது தெரியும். தெரிந்தும் தேடுவதை நிறுத்த முடியவில்லை.

அண்ணி வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். இறைந்து கிடந்த தாள்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார்.

"பயமா இருக்கா பாப்பா?"

"ஆமாண்ணி."

"இருக்கும். கொஞ்ச நாளு போனா பழகிடும்னு சொல்லுவாங்க."

"உங்களுக்குப் பழகிச்சா?"

அண்ணி கையிலிருந்த தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார்.

"இல்ல" என்றார்.