செவிலிமேட்டில் நட்ட ஏழு கற்கள்

ஞாயிறு காலை 6.40க்குத் தாம்பரத்தில் பேருந்து ஏறினேன். கட்டணம் 52 ரூபாய். வாலாஜாபாத்தில் கொஞ்சம் நின்று, 8.35க்குக் காஞ்சிபுரம் சேர்ந்தது. போன மழையில் பாலாற்று வெள்ளம் கொண்டுவந்த உடல்களை எடுத்து அடக்கம் செய்த மூன்று பேருக்குப் பிள்ளையார்பாளையத்து நெசவாளர்கள் பாராட்டு விழா வைத்திருந்தார்கள். அதைப் பார்த்து எழுதி வைக்கத்தான் போனேன்.

10.00. பந்தலில் மூன்று நாற்காலிகள், இரண்டில்தான் ஆள். மூன்றாமவரான இடுகாட்டுப் பணியாளர் கன்னியப்பன் வரவில்லை, போனும் எடுக்கவில்லை. விழாவை நடத்திய நெசவாளர் தனசேகர், வந்திருந்த இருவருக்கும் பட்டுப் பொன்னாடை போர்த்தினார். மூன்றாவதைப் பையில் வைத்துக்கொண்டு என்னையும் ஆட்டோவில் ஏற்றினார். செவிலிமேடு, நாலு கிலோமீட்டர், 120 ரூபாய்.

10.50. ஆற்றங்கரை இடுகாட்டில் கன்னியப்பன் கடப்பாரையால் குழி தோண்டிக்கொண்டிருந்தார். தேடி யாரும் வராத ஏழு பேரை அங்கே புதைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு மேட்டிலும் ஒரு மரக்கட்டை. வெள்ளத்தில் எடுத்த எல்லா உடல்களுக்கும் வரிசையாகப் போட்டு அதில் எழுதிய எண்தான் போலீஸிடம் உள்ள புகைப்படத்திலும் இருக்கிறது. கட்டைகளில் பெயிண்ட் அழிந்துவந்தது. இரண்டில் எண்ணே தெரியவில்லை. எது யார் என்பது இப்போது அவருக்கு மட்டுமே தெரியும். எண் வெட்டிய கற்களைக் கொண்டுவந்து நட்டுக்கொண்டிருந்தார்.

"வாண்ணா, ஜனம் காத்துக்கினு இருக்குது" என்றார் தனசேகர்.

"நீ சால்வ போத்தறதுக்குள்ள அடுத்த மழ வந்துடும்பா. நாளைக்கி ஒரு புள்ள வந்து எங்கம்மா எங்கன்னு கேட்டா, மாலையும் கழுத்துமா நின்னுக்கினு நான் இன்னாத்த காட்றது?"

தனசேகர் பையை வேலியில் மாட்டி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு கல்லைத் தூக்கினார்.

கன்னியப்பன் எண்ணோடு அடையாளமும் சொல்லிக்கொண்டே வந்தார்: பச்சை வளையல் போட்ட அம்மா, முழங்கையில் வேல் பச்சை குத்தியவர். நான் எழுதி வாசித்துக் காட்டினேன். 14ஐ 19 என்று எழுதியிருந்தேன். "இன்னா சார், படிச்சவரு நீங்களே இப்டி பண்ணா?" என்று திருத்தினார்.

1.15க்கு ஏழாவது கல் நின்றது. கன்னியப்பன் குழாயடியில் கை, முகம் கழுவி, சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"இப்ப போத்துபா."

2.30 பேருந்தில் குறிப்பேட்டைப் புரட்டினேன். என் அப்பா இறந்த தேதி, நேரம், வந்தவர்கள் பெயர், அன்றைய வெயில் எல்லாம் அதில் இருக்கின்றன. எங்கள் ஊரில் அவரை எரித்தவர் பெயர் இல்லை. நாளைக் காலை அங்கே போய், கேட்டு எழுதப்போகிறேன்.