அதலைக்காய்ப் பை

தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் ஐப்பசி மழை விடாமல் பெய்கிறது. விருதுநகரில், மனைவி பிறந்த ஊரில், அவள் கருமாதியை முடித்துவிட்டு ராத்திரி மீட்டர்கேஜ் வண்டியில் திரும்பியிருக்கிறேன். கையில் மஞ்சள் பை நிறைய அதலைக்காய். வருஷாவருஷம் அவள் வாங்குவாள். இந்தத் தடவை என் கை தானாக வாங்கிவிட்டது.

பஸ் ஸ்டாப்பில் கீரை விற்கும் அம்மா பைக்குள் எட்டிப் பார்க்கிறாள்.

“இன்னா சார் இது? பாகக்கா கணக்கா கீது, இம்மாத்தூண்டு?”

“அதலைக்காய். கசக்கும், ஆனா ருசி. இன்னிக்கே சமைக்கணும், இல்லன்னா வெடிச்சிடும்.”

“எப்டி செய்யறது?”

“நறுக்கக் கூடாது. காம்பைக் கிள்ளிட்டு, சின்ன வெங்காயம் நிறையப் போட்டு, முழுசா வதக்கணும்.”

மனைவி சொல்லிக் கேட்டதுதான். பையை அப்படியே அந்தம்மாவிடம் நீட்டுகிறேன். சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறாள்.

“உப்பு மொதல்லயே போடணுமா, அப்பாலயா?”

எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷமும் சாப்பிட்டது மட்டும்தான் நான்.

“வூட்ல அக்காவ கேட்டுகினு வந்து சொல்லு சார். சாயங்காலம் வரிக்கும் இங்கதான் குந்தினு இருப்பேன்.”

பஸ் வந்துவிடுகிறது.

“சரிம்மா, கேட்டுச் சொல்றேன்” என்கிறேன்.