சுருவம்போல் சுமந்த எஞ்சின்

அப்புக்காத்தரே, எங்கள் அண்ணையின் படிப்பைக் கெடுத்தவர் நீங்கள்தான். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

எண்பத்து மூன்றாம் ஆண்டு, ஆடிக் கலவரத்துக்கு முந்திய தேர்தல். எனக்கு ஏழு வயது. நீங்கள் வழக்காடும் கறுப்புக் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு வெள்ளை வேட்டியோடு எங்கள் கடற்கரையில் மேடையேறினீர்கள். கடல் அசையாமல் கிடந்தது. உங்கள் குரல் ஒலிபெருக்கியிலிருந்து புறப்பட்டு, தண்ணீரின்மேல் நடந்து, எதிர்த்தீவைத் தொட்டுத் திரும்பி வந்தது.

"கொழும்பு போட்ட பிச்சை எஞ்சினைத் திருப்பி எறிவோம்! நாங்கள் வென்றால் எங்கள் எஞ்சின் தருவோம்!"

அரசாங்கம் கொடுத்த வள்ள எஞ்சின் எங்கள் கரையில், எங்கள் வீட்டோடு சேர்த்து, மூன்று வீடுகளில் இருந்தது. மற்ற இருவரும் தங்களுடையது பழுது என்று சொல்லித் தப்பிக்கொண்டார்கள். அப்பா மட்டும் கையைத் தூக்கினார்.

வீட்டில் அம்மா விடவில்லை. "எஞ்சினைக் குடுத்திட்டு வள்ளத்திலை என்னத்தைப் பூட்டப் போறியள்? அப்புக்காத்தற்றை நாக்கையோ?"

"வாயை மூடும். மானமெண்டு ஒண்டிருக்கு."

"ஓம், அதை அவிச்சுப் பிள்ளையளுக்குக் குடுப்பம்."

ஞாயிறு பூசை முடிந்ததும் எஞ்சினைக் கொண்டுபோனார்கள். எங்கள் ஆட்களுக்கு ஒன்றை மரியாதையாகச் சுமக்க ஒரே வழிதான் தெரியும். திருநாளில் மாதாவின் சிலையை, அந்தச் சுருவத்தைத் தூக்குகிற அதே தடிகளில் எஞ்சினை வைத்துக் கட்டி, மாலை போட்டு, நாலு பேர் தோளில் தூக்கினார்கள். பாண்ட் வாசித்தது. நான் வெள்ளைச் சட்டை போட்டுப் பூத் தூவினேன். எஞ்சின் கடந்துபோகும்போது ஒரு கிழவி தன்னை மறந்து சிலுவை அடையாளம் போட்டார். வெயில் பட்டு அது பொன்னாக மின்னியது. இன்றைக்கும் கனவில் வருகிறது. தோள்களின் மேல், சத்தமில்லாமல், மிதந்து.

அப்பாவைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்தீர்கள். எஞ்சின் லொறியில் ஏறிப் போனது. நீங்கள் வென்றீர்கள்.

சில கிழமைகள் கழித்து அப்பா நல்ல பாரை மீன் ஒன்றோடு உங்கள் வீட்டுக்கு வந்தார். நானும் கூட வந்தேன். வாசலில் கார் நின்றது. உங்கள் மகனின் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"ஐயா, அந்தப் புது எஞ்சின்..."

"கொஞ்சம் பொறும். இப்ப கொழும்போடை ஒண்டும் கதைக்கேலாது. கொள்கைப் பிரச்சினை."

"தம்பி எங்கை போறார் ஐயா?"

"கொழும்புக்கு. படிப்பெண்டால் அங்கைதானே."

அப்பா "ஓம் ஐயா" என்றார். மீனை வாங்கி உள்ளே அனுப்பினீர்கள்.

எஞ்சின் இல்லாத வள்ளத்தை ஒருவர் தனியே வலிக்க முடியாது. இரண்டாவது துடுப்புக்கு அண்ணை போனார். அந்த வருடம் அவர் ஓ.எல். என்கிற பள்ளி இறுதிச் சோதனை எழுத வேண்டியது. கணக்கில் வகுப்பிலேயே முதலாவது அவர்தான். ஆடியில் கொழும்பில் தமிழர் வீடுகள் எரிந்தபோது உங்கள் மகன் கப்பலில் உயிரோடு வந்து சேர வேண்டுமென்று அம்மா கோயிலில் மெழுகுதிரி கொளுத்தினார். வந்து சேர்ந்தான், பிறகு லண்டனுக்குப் போய்ப் படித்தான். அண்ணை துடுப்பை விடவில்லை.

துடுப்புப் பிடித்த முதல் நாள், கடலுக்குப் போகுமுன், அண்ணை கணக்குப் பாடத்துக்குக் கொண்டுபோகிற தன் கொம்பாஸ் பெட்டியை என் கையில் வைத்தார்.

"உண்மையா எனக்கோ அண்ணை?"

"உது இனி உனக்குத்தான். நீயே வைச்சிரு."

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். விடியற்புகாரில் வள்ளம் போனது. எஞ்சின் இரைச்சல் இல்லாத கடல் எவ்வளவு அழகு என்று நினைத்தேன். துடுப்புகள் தண்ணீரைத் தொடும் சத்தம் மட்டும் கேட்டது. நான் பெட்டியிலிருந்த கவராயத்தை ஈர மணலில் ஊன்றி வட்டம் வட்டமாகக் கீறிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்க்கும்போதெல்லாம் அண்ணை சிறுத்துக்கொண்டே போனார். அவர் ஏன் ஒருதரமும் கை காட்டவில்லை என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

இப்போதும் மேடையேறிக் கொழும்பைத் திட்டி வாக்குக் கேட்கிறீர்கள். திட்டுங்கள். கொழும்பு செய்ததற்கு அதுகூடக் காணாது. ஆனால் அடுத்த முறை எங்கள் கரைக்கு வரும்போது, அதே ஒலிபெருக்கியில், ஊர் கேட்கச் சொல்லுங்கள்: உங்கள் மகன் கைக்கு ஏன் ஒரு துடுப்பு வரவில்லை? அண்ணை முன்னுக்கு வந்து நிற்பார். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.