யப்பான்காரரின் வலது கை

மெல்பேர்னுக்கு வெளியே வெரிபீயில் யாரிடமாவது என் பெயரைச் சொல்லிக் கேளுங்கள், என் லொறிகள் நிற்கிற இடத்தைக் காட்டுவார்கள். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ஆனால் சின்ன வயதிலேயே எனக்குப் பெயர் இருந்தது: நான் எறிந்தால் குறி தப்பாது. இதை நானாகச் சொல்லவில்லை, மாமா ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

கொழும்புக் கலவரத்துக்குப் பிறகு மெல்பேர்னுக்கு வந்து, நிரந்தர விசாவுக்காக நாங்கள் காத்திருந்த காலம் அது. பள்ளிக்கூடக் கிரிக்கெட்டில் என்னைச் சேர்த்து, முதல் ஓவரிலேயே நிறுத்திவிட்டார்கள். முழங்கை மடங்குகிறதாம், இது பந்துவீச்சு இல்லை, எறிதலாம். அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தேன். அம்மாவின் தம்பியான அந்த மாமா மட்டும் சிரித்தார். மாலையில் ஒரு பேஸ்போல் கிளப்பைக் கூட்டித் துடைக்கிற வேலை அவருக்கு.

“அட மருமோன், அங்கை கையை மடக்கி எறிஞ்சாத்தான்டா விளையாட்டே!”

அந்தக் கிளப்புக்கு அந்தக் கோடையில் பயிற்சி கொடுக்க ஒரு யப்பான்காரர் வந்திருந்தார். சுவரில் அவருடைய பழைய படம் தொங்கியது: ஒரு காலை நெஞ்சுவரை தூக்கி, பந்தைப் பின்னால் மறைத்தபடி நிற்கிறார். தன் நாட்டில் பந்தெறிவதையே தொழிலாகச் செய்தவர். அவர் எறிய வந்தால் மைதானமே மூச்சுவிடாதாம், பியர் விற்கிறவன்கூட நின்றுவிடுவானாம். இதில் பாதி மாமாவின் சொந்தச் சரக்காக இருக்கலாம். மாமா எப்படியோ அவரிடம் பேசி, நான் எறிந்து காட்ட ஒரு சனிக்கிழமையை வாங்கிவிட்டார்.

சனிக்கிழமை என்றால் எங்கள் வீட்டில் எண்ணெய் தேய்த்து முழுகுகிற நாள். மாமா நல்லெண்ணெயைச் சூடாக்கி, என் தோளிலிருந்து விரல் நுனிவரை தேய்த்தார்.

“நரம்பு இளகோணும்.”

“அப்பிடியே தலைக்கும் வைச்சுவிடன், தோய்ஞ்சிட்டுப் போகட்டும்” என்றார் குசினியில் சமைத்துக்கொண்டிருந்த அம்மா.

மைதானத்தில், எறிய வேண்டிய இடத்தைக் காட்டியபடி யப்பான்காரர் ஒதுங்கி நின்றார். படத்தில் பார்த்தபடி காலைத் தூக்கி, உள்ள பலத்தையெல்லாம் சேர்த்து எறிந்தேன். பந்து விரலில் வழுக்கிக்கொண்டு நேரே அவருடைய வலது கையில் போய் அடித்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டார்.

மாமாவின் முகம் வெளிறியது. “போச்சடா. இனி விசாவும் இல்லை, ஒண்டும் இல்லை. எல்லாரும் கொழும்புக்குத்தான்.”

நான் அதை அப்படியே நம்பினேன். புகழ்பெற்ற ஒரு கையை உடைத்தவன் குடும்பத்தை எந்த நாடு வைத்திருக்கும்?

அவர் எழுந்து வந்தார். நான் பின்னால் ஒளித்த கையை இழுத்து, விரலைத் தடவி, மூக்கில் வைத்து மணந்தார். “குக்கிங்?” என்று கேட்டுச் சிரித்தார். அவர்கள் சமையலிலும் எள்ளெண்ணெய் உண்டாம். குனிந்து மண்ணை அள்ளி என் உள்ளங்கையில் தேய்த்துவிட்டார்.

“சேர், யுவர் ஹேண்ட், சொறி சேர்” என்று மாமா கும்பிட்டார்.

அவர் வலது கையை உயர்த்திக் காட்டினார். அது தோளுக்கு மேல் ஏறவில்லை. “நோ பிராப்ளம். லோங் டைம் ஃபினிஷ்” என்றார். எறிந்து எறிந்தே தோள் போய்விட்டது, அதன் பிறகுதான் பயிற்சியாளர் ஆனாராம். இடது கையால் பந்தை எடுத்துத் தந்து, திரும்ப எறியச் சொன்னார். இந்த முறை பந்து போன இடத்தை அவர் பார்க்கவில்லை. என் தோளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ரயிலில் மாமா என்னைக் கட்டிப்பிடித்தார். “தப்பினம்டா! அது முந்தியே உடைஞ்ச கை!”

வீட்டில் கதையைக் கேட்ட அம்மா நெஞ்சில் கை வைத்து, “நல்ல காலம், அந்தாளின்ரை கை முதலே போனது” என்றார். எல்லோரும் ஓம் ஓம் என்று சிரித்தோம். நான் இரண்டாம் முறையும் சோறு போட்டுச் சாப்பிட்டேன். அந்த ஒரு கைதான் அவருக்குச் சோறு போட்டது என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை.