ராணி கோயிலில் பெண் பார்த்தது

காலுறை நனைந்து விரல்களுக்கிடையில் சில்லென்று ஏறுகிற புல்லின் ஈரந்தான், அரச குடும்பம் என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வரும். ஊரைவிட்டுப் புலம்பெயர்ந்து வந்து மவுண்ட் ஆல்பர்ட்டில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்குச் சற்றுத் தள்ளி ஒரு பழைய மரத் தேவாலயம் இருந்தது. எந்தக் காலத்திலோ ஒரு ராணி அங்கே ஒரு ஞாயிறு ஆராதனைக்கு வந்து, முன்வரிசை மர இருக்கையில் உட்கார்ந்து, யாரோ வெட்டிவைத்த குழியில் ஒரு ரோசாக் கன்றை வைத்துவிட்டுப் போனாராம். அந்த ஒரு காலைப்பொழுதுக்காக அப்பா அதை "ராணி கோயில்" என்று அழைத்தார். ஊரிலிருந்து யார் வந்தாலும் கடலைக் காட்டமாட்டார், எரிமலையைக் காட்டமாட்டார். இங்கே கூட்டிவந்து தோட்டத்து வாசலிலேயே "சப்பாத்தை" கழற்றவைப்பார். வீட்டில் சாமிப் படத்துக்கு முன்னால் வேலைச் சப்பாத்தோடு நிற்கிற மனிதர், ஒரு ராணி இருந்துவிட்டுப் போன "வாங்குக்கு" முன்னால் வெறுங்காலோடு கைகட்டி நிற்பதைப் பார்க்கப் பத்து வயதிலேயே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அக்காவைப் பெண் பார்க்க லண்டனிலிருந்து மாப்பிள்ளையும் தாயும் வந்தபோதும் அப்பா இங்கேதான் ஏற்பாடு செய்தார். எங்கள் வீட்டுச் சுவரெல்லாம் பூஞ்சணம். அதை லண்டன்காரர் கண்ணில் படவிடுவதா? அக்கா அப்போதுதான் தாதிப் படிப்பை முடித்திருந்தாள். மாப்பிள்ளையின் படம் அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது. அன்று காலை சேலையை இரண்டு தரம் அவிழ்த்துக் கட்டினாள் என்பதை இன்று அவளே ஒத்துக்கொள்ளமாட்டாள்.

மாப்பிள்ளையின் தாய் ஒரு கையில் குடை, மறுகையில் கழற்றிய சப்பாத்து என்று முகத்தைச் சுளித்தபடி உள்ளே வந்தார். ராணி இருந்த வாங்கை அப்பா காட்ட, தங்கள் லண்டனில் இதைவிடப் பெரிய கோயில்கள் மூலைக்கு மூலை நிற்கின்றன என்றார். தன்னையே புகழ்ந்ததுபோல அப்பா சிரித்தார்.

தோட்டத்துக்கு வந்ததும் அந்த அம்மாவுக்கு அக்காவைப் பிடித்துவிட்டது. பெண் பிடித்துவிட்டால் தலையில் பூ வைத்துச் சம்மதம் சொல்வது அவர்கள் வீட்டு வழக்கமாம். கொண்டுவந்த பூ ஹோட்டல் அறையில் கிடந்தது. அதற்கென்ன என்று, கயிறு கட்டித் தனியாக வைத்திருந்த ராணியின் செடியிலிருந்து நல்ல ரோசாவாக ஒன்றைப் பார்த்து முறித்து, அக்காவின் பின்னலில் செருகிவிட்டார். அக்கா தலைகுனிந்து சிரித்தாள்.

அந்த நேரம் பார்த்துத் தேவாலயத்தைப் பராமரிக்கிற வெள்ளைக்கார அம்மா வந்தார். சத்தம் போடவில்லை, இதை யார் பிடுங்கினது என்று மட்டும் கேட்டார். அப்பா யோசிக்கவேயில்லை. தன் மகள் தெரியாமல் பிடுங்கிவிட்டாள், மன்னிக்கவேண்டும் என்று, பென்ரோஸில் தான் வேலை செய்த கிடங்கின் மேலாளரிடம் பேசுகிற அதே குழைவான ஆங்கிலத்தில் சொன்னார். பூவை முறித்த அம்மா குடையை விரித்து மடக்கிக்கொண்டிருந்தார். லண்டனில் பிறந்து வளர்ந்த மாப்பிள்ளைக்கு ஆங்கிலத்தில் ஒரு வசனம் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அவர் கமராவின் கண்ணாடியைத் துடைத்தார். அப்படித் துடைக்கிறவரைக் கட்டிக்கொண்டு ஒருத்தி என்ன செய்வது!

அக்கா பூவை எடுத்து வெள்ளைக்கார அம்மாவின் கையில் கொடுத்தாள்.

"அப்பா, நான் பிடுங்கேல்லை எண்டு நீங்கள் சொல்லுங்கோ."

"பேசாமல் நில்லு பிள்ளை. ஆக்கள் நிக்கினம்," என்றார் அப்பா.

அவள் நிற்கவில்லை. வாசலில் சப்பாத்தை மாட்டிக்கொண்டு, சேலைக்கரை சேற்றில் இழுபட, தனியாக வீட்டுக்கு நடந்தாள். சாதகம் பொருந்தவில்லை என்று அப்பா ஊரெல்லாம் சொன்னார்.

இப்போது அக்கா தன் குடும்பத்தோடு பிளாக்ஹவுஸ் பே பகுதியில் இருக்கிறாள். போன மாதம் அப்பா ராணி கோயிலைப் பார்க்கவேண்டும் என்று அடம்பிடிக்க, அவள்தான் காரில் ஏற்றிவந்தாள். நானும் மகளும் கூடப் போனோம். தேவாலயம் பூட்டிக் கிடந்தது. அந்த வாங்கை யாரோ எப்போதோ கொண்டுபோய்விட்டார்கள். தோட்டத்தில் பாதி கார் நிறுத்துமிடமாகி, ரோசாச் செடி நின்ற இடத்தில் குப்பைத்தொட்டிகள் வரிசையாக நின்றன. அதற்கும் அப்பா குனிந்து சப்பாத்தைக் கழற்றப் பார்த்தார். பிறகு என் மகளைக் கூப்பிட்டு, "இதிலதான் உங்கட பெரியம்மா ராணியின்ர பூவைப் பிடுங்கினவ," என்று பெருமையாகச் சொன்னார். மகள் "ரியலி?" என்று கண்ணை விரித்துப் பெரியம்மாவைப் பார்த்தாள். அப்பா பொய் சொல்லவில்லை. அன்று சொன்னதைத் தானே நம்பிவிட்டிருந்தார்.

"அப்பா, நான் பிடுங்கேல்லை," என்றாள் அக்கா.

"இப்ப அதுக்கென்ன பிள்ளை. இனி ஆர் கேக்கப்போகினம்?"

"நான் கேக்கிறன்," என்றாள்.